குடித்தபின் இருட்டில் கண் எப்படிப் பார்க்கிறது? கேள்வி பதில்

கண் மருத்துவமனையில் பார்வை அளக்கும் வேலை எனக்கு. குடியையும் இரவுப் பார்வையையும் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (லாரி ஓட்டுபவர், நாமக்கல்): ரெண்டு பெக் போட்டால் எதிர்வண்டி லைட்டைச் சுற்றி வளையம் தெரியுது. கண்ணாடியை மாற்றணுமா?

பதில்: கண்ணாடி மேல் தப்பில்லை அண்ணே. கருவிழி மேல் கண்ணீர் மெல்லிய படலமாக நிற்கிறது, அது காயாமல் இருக்க மேலே எண்ணெய்ப் பூச்சு ஒன்று உண்டு. குடித்தது கண்ணீரிலும் கலந்து அந்தப் பூச்சைக் கலைக்கிறது, நீர் காய்கிறது, வெளிச்சம் சிதறுகிறது. ஸ்பெயினில் கிரனடா பல்கலைக்கழகத்தில் ஆட்களுக்கு மது கொடுத்தே சோதித்தார்கள், வளையத் தொந்தரவு கூடியது. குடிக்காத நாளிலும் வளையம் தெரிந்தால் விஷயமே வேறு, புரையையும் கண் அழுத்தத்தையும் உடனே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 6/6 பார்வை. குடித்த பிறகும் போர்டெல்லாம் தெளிவாகப் படிக்கிறேனே?

பதில்: போர்டு வெள்ளையில் கறுப்பு, அதை யாரும் படிக்கலாம் தம்பி. தார் ரோட்டோரம் சாம்பல் சட்டை போட்டுக்கொண்டு, லைட் இல்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறாரே ஒருவர், அவர் தெரிகிறாரா? மங்கலில் மங்கலைப் பிரித்தறியும் திறன்தான் குடித்தால் அடிவாங்கும். அதோடு, ஹெட்லைட் கண்ணில் அடித்துக் கடந்தபின் பார்வை திரும்ப நேரம் கூடுதலாகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடுவீர்கள், அந்த 17 மீட்டரும் குருட்டு ஓட்டம்தான்.

கேள்வி: காபி குடித்துவிட்டுக் கிளம்பினால்?

பதில்: தூக்கம் கலையும், அவ்வளவுதான். ஈரல் ஒரு மணி நேரத்துக்கு 100 மில்லி ரத்தத்தில் சுமார் 15 மில்லிகிராம் மதுவைத்தான் கரைக்கும், காபி அதை வேகப்படுத்தாது.

கேள்வி (ஒரு மனைவி): பதினைந்து வருஷமாகத் தினமும் குடிக்கிறார். இப்போது பொழுது சாய்ந்தால் வாசற்படியைக் காலால் தடவித் தடவி இறங்குகிறார்.

பதில்: மாலைக்கண்ணாக இருக்கலாம் அக்கா. இருட்டில் பார்க்கத் தேவையான நிறமியை விழித்திரை வைட்டமின் ஏ-யிலிருந்துதான் செய்கிறது, அதைச் சேர்த்து வைப்பது ஈரல். ஈரல் கெட்டால் இருப்பும் போச்சு, துத்தநாகமும் குறைகிறது. ஆனால் நீங்களாகக் கடையில் வைட்டமின் ஏ மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், கெட்ட ஈரலுக்கு அதுவே விஷமாகலாம். கண் டாக்டர், ஈரல் டாக்டர் இருவரிடமும் கூட்டிப் போங்கள். அதுவரை படி விளிம்பில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து, வாசல் விளக்கை ஆறு மணிக்கே போட்டுவிடுங்கள்.