ஜகார்த்தாவின் தங்கமும் ரங்கூனின் தங்கமும்

அன்புள்ள ஐயா,

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரிக் கால்பந்து அணியில் ஆடுகிறேன். 1962இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கால்பந்து அணி தங்கம் வென்றதைப் பற்றி என் தாத்தா பேசாத நாளில்லை. அண்மையில் அந்தப் போட்டிகளின் பழைய முடிவுகளை முழுவதுமாகப் படித்தேன். ஏமாற்றமே மிஞ்சியது. 1962இல் ஆடியவை எட்டே அணிகள். இஸ்ரேலும் தைவானும் வரவே இல்லை. அடுத்த இரண்டு முறையும் தங்கம் பர்மாவுக்குப் போயிருக்கிறது. பர்மா போன்ற நாடே இரண்டு முறை வென்றதென்றால், அன்றைய ஆசியக் கால்பந்தின் தரம்தான் என்ன? நாம் பொற்காலம் என்று கொண்டாடுவது எதிராளிகள் இல்லாத காலத்தைத்தானா? இப்போது அது 23 வயதுக்கு உட்பட்டவர்களின் போட்டியாகவும் சுருங்கிவிட்டது. இனி அதற்கு என்ன மதிப்பு இருக்கிறது? இதையெல்லாம் தாத்தாவிடம் சொல்ல மனம் வரவில்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

தாத்தாவிடம் சொல்ல மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகவே உங்களை எனக்குப் பிடித்துவிட்டது. அதற்கு மேலே இருக்கும் இன்னொரு வரிக்காக உங்களைக் கடிந்துகொள்ளவும் வேண்டியிருக்கிறது. ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் கால்பந்து வரலாற்றை, குறிப்பாக 1966க்கும் 1982க்கும் இடைப்பட்ட ஆண்டுகளை, சில வாரங்களாகவே மனத்துக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் சரியாக அந்த நேரத்தில் வந்து சேர்ந்தது.

முதலில் ஜகார்த்தாவை முடித்துவிடுவோம். இந்தோனேசிய அரசு இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் விசா தரவில்லை என்பது உண்மை. 1954இல் மணிலாவிலும் 1958இல் டோக்கியோவிலும் தங்கம் வென்ற அணி தைவான்தான் என்பதால் அது வராமல் போனது சிறிய இழப்பு அன்று. ஆனால் அந்த இரண்டு இறுதி ஆட்டங்களிலும் தைவானிடம் தோற்றது யார், 1956இலும் 1960இலும் ஆசியக் கோப்பையை வென்றது யார் என்று பார்த்தீர்களா? இரண்டுக்கும் விடை தென் கொரியா. அந்தத் தென் கொரியாவைத்தான் 1962 செப்டம்பர் 4 அன்று நம்மவர்கள் இறுதி ஆட்டத்தில் 2-1 என்று வென்றார்கள். அதுவும் முதல் சுற்றில் அதே அணியிடம் 0-2 என்று தோற்றுவிட்டு, பிறகு தாய்லாந்தையும் ஜப்பானையும் தென் வியட்நாமையும் வென்று வந்து வென்றார்கள். தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங்கைத் தடுப்பு வரிசையிலிருந்து எடுத்து முன்வரிசையில் நிறுத்தினார் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம். அரையிறுதியிலும் இறுதியிலும் ஜர்னைல் கோல் அடித்தார். இஸ்ரேலையும் தைவானையும் விலக்கியதை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி எதிர்த்துப் பேசியிருந்ததால் இந்தியர்கள் மீது ஜகார்த்தாவே கொதித்துக்கொண்டிருந்தது. செனாயன் அரங்கம் முழுவதும் எழுந்த எதிர்ப்புக் கூச்சலுக்கு நடுவே பி.கே. பானர்ஜி முதல் கோலை அடித்தார். கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர், ஹைதராபாத்தில் பிறந்து மெட்ராஸ் ரெஜிமென்டில் வளர்ந்த பீட்டர் தங்கராஜ். புற்றுநோயோடு அந்த அணியை நடத்திய ரஹீம் அடுத்த ஆண்டு ஜூன் மாதம் இறந்துபோனார். இதை எதிராளி இல்லாத வெற்றி என்று வேறு யாராவது எழுதினால் அறியாமை என்று விட்டுவிடலாம். கால்பந்து ஆடுகிற ஒருவர் எழுதக்கூடாது.

இனி என்னைச் சுட்ட வரிக்கு வருகிறேன். ‘பர்மா போன்ற நாடே’ என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைய தரவரிசைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஆசியாவை அளக்கிறீர்கள். மியான்மர் இன்று கீழே கிடக்கிறது, ஆகவே அன்றும் கீழேதான் கிடந்திருக்க வேண்டும், ஆகவே அதனிடம் தோற்றவர்கள் அனைவரும் அதைவிடக் கீழே என்று உங்கள் கணக்கு ஓடுகிறது. இந்தக் கணக்கின்படி இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒரு கொரிய மாணவன் இந்தியாவைப் பற்றியும் இதையே எழுதலாம். அப்போது உங்கள் தாத்தாவின் பக்கம் நின்று யார் பதில் சொல்வது?

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் பர்மாவிலிருந்து திரும்பிய பெரியவர் ஒருவர் இருந்தார். ரங்கூனில் அரிசி வணிகம் செய்த ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதியவர். 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு கடைகளும் நிறுவனங்களும் அரசுடைமை ஆக்கப்பட்டன. 1964இல் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. லட்சக்கணக்கான இந்தியர்கள், அவர்களில் ஏராளமான தமிழர்கள், வெறும் கையோடு கப்பல் ஏறினார்கள். அவரும் அப்படி வந்து இறங்கியவர்தான். மனைவியின் தாலிச் சங்கிலியைக்கூட அங்கேயே விட்டுவிட்டு வந்ததாகச் சொல்வார்கள். எங்கள் தெருவில் சிறிய மளிகைக் கடை ஒன்றை வைத்தார். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் எங்களைப் போன்ற பொடியன்களைப் பிடித்து உட்காரவைத்து, ரங்கூன் மைதானத்தில் பார்த்த ஆட்டங்களைச் சொல்வார். அதற்கு ஆங் சான் அரங்கம் என்று பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் அவர் வாயில் அது பழைய பெயரான பி.ஏ.ஏ. (பர்மா தடகளச் சங்கம்) மைதானமாகவே இருந்தது. கூர்க்கா வழியில் வந்த பர்மிய ஆட்டக்காரர் சுக் பகதூரின் பெயரைச் சொல்லும்போது அவருடைய குரல் இளமையாகிவிடும்.

1966 டிசம்பரில் பாங்காக்கில் பர்மா ஈரானை 1-0 என்று வென்று முதல் தங்கத்தைப் பெற்றது. அந்தச் செய்தி வந்த நாளில் அவர் கடையிலிருந்த மிட்டாய் பாட்டிலைத் திறந்து தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கொடுத்தார். அந்தக் கடை இருந்த நிலைமைக்கு அது பெரிய செலவு. எதிர்வீட்டுக்காரர் ஒருவருக்குத் தாங்கவில்லை. “எல்லாத்தையும் பிடுங்கிக்கிட்டு அடிச்சு விரட்டுனானே, அவனுக்கா மிட்டாய் குடுக்குறீரு?” என்று கேட்டார். பெரியவர் கோபப்படவில்லை. “விரட்டுனவன் வேற, ஆடுனவன் வேறப்பா” என்று மட்டும் சொன்னார். அந்த வயதில் எனக்கு அது புரியவில்லை. பிறகு புரிந்தது. பர்மாவின் அந்த அணியைக் குறைத்துப் பேசுகிற எவரையும் அதன் பிறகு என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்ததில்லை.

ஏனென்றால் அது தற்செயலாக வென்ற அணி அன்று. 1965இல் தாய்லாந்தோடு பகிர்ந்துகொண்டதில் தொடங்கி 1973 வரை தென்கிழக்கு ஆசியத் தீபகற்ப விளையாட்டுகளில் தொடர்ந்து ஐந்து முறை கால்பந்துத் தங்கம் பர்மாவுக்குத்தான். 1968 ஆசியக் கோப்பையில் ஈரானுக்கு அடுத்த இடம். 1970இல் மீண்டும் பாங்காக்கில் தென் கொரியாவோடு இறுதி ஆட்டம் கோலின்றி முடிந்ததால் தங்கம் பகிர்ந்துகொள்ளப்பட்டது. அதே போட்டியில் இந்தியா வெண்கலம் வென்றது என்பதையும் நீங்கள் படித்திருப்பீர்கள். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இன்றுவரை நமக்குக் கிடைத்த கடைசிப் பதக்கம் அதுதான். அரையிறுதியில் நம்மை 2-0 என்று வென்ற அணி எது என்று பார்த்தீர்களா? பர்மா. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் சோவியத் ஒன்றியத்திடம் அந்த அணி தோற்றது ஒரே ஒரு கோலில்.

இந்த வலிமை எங்கிருந்து வந்தது? இங்கேதான் நான் இத்தனை வாரங்களாகப் புரட்டிக்கொண்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். மலாயாவின் துங்கு அப்துல் ரஹ்மான் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தபோது, 1959இல், கோலாலம்பூரில் ஆசிய இளையோர் கோப்பை தொடங்கியது. அந்தக் கோப்பையின் வெற்றிப் பட்டியலை எடுத்து ஆசிய விளையாட்டின் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பர்மா இளையோர் கோப்பையை 1961, 1963, 1964 ஆண்டுகளில் மற்றவர்களோடு பகிர்ந்து வென்றது. 1966இல் ஆசியத் தங்கம். 1966இலும் 1969இலும் மீண்டும் பகிர்ந்தும், 1968இலும் 1970இலும் தனித்தும் கோப்பையை வென்றது. 1970இல் மீண்டும் தங்கம். இஸ்ரேல் அறுபதுகளில் நான்கு முறை இளையோர் கோப்பையைத் தொட்டது; 1970இல் உலகக் கோப்பையில் ஆடியது, 1974 டெஹ்ரானில் வெள்ளி வென்றது. வட கொரியா 1976இல் கோப்பையைப் பகிர்ந்தது. 1978இல் தென் கொரியாவோடு தங்கத்தைப் பகிர்ந்தது. ஈராக் 1975, 1977, 1978 ஆண்டுகளில் கோப்பையில் பெயர் பொறித்தது. 1982இல் தில்லியில் குவைத்தை 1-0 என்று வென்று தங்கத்தோடு போனது. தென் கொரியா 1980இலும் 1982இலும் கோப்பையை வென்றது. 1986இல் சியோலில் தங்கம். விலக்குகள் உண்டு. பெரியவர்களின் அணியும் சிறுவர்களின் அணியும் ஈரானில் ஒரே சமயத்தில் எழுந்தன. 1994இல் ஹிரோஷிமாவில் முதன்முறையாக வந்த உஸ்பெகிஸ்தான் சீனாவை 4-2 என்று வீழ்த்தியதற்குப் பின்னால் இருந்தது சோவியத் காலத்துக் கால்பந்துப் பயிற்சி மரபு. ஆனாலும் சிறுவர்களை ஆண்டுதோறும் பிற நாட்டுச் சிறுவர்களோடு மோதவிட்ட நாடுகள் சில ஆண்டுகள் கழித்து மேடையில் ஏறின என்பதை இந்தப் பட்டியல்கள் மறைக்கவில்லை.

நம் பெயரும் அந்த இளையோர் பட்டியலில் ஒரு முறை இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? 1974இல் பாங்காக்கில் ஷப்பீர் அலி தலைமையில் ஆடிய இந்தியச் சிறுவர்கள் ஈரானோடு இறுதி ஆட்டத்தை 2-2 என்று முடித்துக் கோப்பையைப் பகிர்ந்துகொண்டார்கள். அதே ஈரான் 1975இலும் 1976இலும் கோப்பையில் நின்றது, 1978இல் உலகக் கோப்பைக்குப் போனது. நாம் அந்த ஒரு கோப்பையோடு நின்றுவிட்டோம். 1962ஐப் பற்றி எத்தனை கட்டுரைகள், எத்தனை மேடைப் பேச்சுகள்! 1974ஐப் பற்றி ஒரு பத்தி எழுத ஆளில்லை. பொற்காலம் பொய்யா என்று கேட்கிறீர்கள். பொய்யில்லை. அந்தத் தங்கத்துக்கு அடுத்த தங்கம் எங்கே விளைந்துகொண்டிருந்தது என்று பார்க்க மறந்தோம், அவ்வளவுதான். ரங்கூனில் விளைந்துகொண்டிருந்தது. கண்ணெதிரில் நடந்தது. நம்மைவிடச் சிறிய, நம்மைவிட ஏழ்மையான அண்டை நாடு அதைச் செய்துகாட்டியது. அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாததற்குக் காரணம், நீங்கள் அந்த வரியை எழுதியபோது உங்களுக்குள் இருந்த அதே அலட்சியம்தான் என்று நினைக்கிறேன். இதை உங்கள் மீதான குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது உங்களுக்கு முன்பே நம் எல்லோரிடமும் இருந்தது.

பர்மாவும் நிலைக்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். 1973க்குப் பிறகு தென்கிழக்கு ஆசிய விளையாட்டிலேயே அதற்குத் தங்கம் இல்லை. ராணுவ ஆட்சி நாட்டின் கதவுகளைச் சாத்திய பிறகு மைதானத்துக்கு மட்டும் தனியாக வெளிச்சம் வராது.

23 வயது விதியைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. 2002 புசான் போட்டியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. வயது கடந்த மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். 2018இல் தென் கொரியா ஜப்பானைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்று, அதன் நட்சத்திர ஆட்டக்காரர் சோன் ஹியுங்-மின் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்குப் பெற்றபோது, அந்தத் தங்கத்துக்கு மதிப்பில்லை என்று கொரியாவில் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. என் கணக்கில் அந்த விதி நமக்குக் கிடைத்த வாய்ப்பு. இளையோர் போட்டிகளில் நாம் தவறவிட்டதை இருபத்திரண்டு வயதுப் பையன்களுக்கு ஜப்பானோடும் கொரியாவோடும் ஆடக் கொடுத்து ஓரளவாவது ஈடுசெய்யலாம். நாம் செய்தது என்ன? ஆசியாவில் முதல் எட்டு இடங்களுக்குள் இல்லை என்று காரணம் காட்டி 2018இல் கால்பந்து அணியை அனுப்பவே இல்லை. எட்டு இடங்களுக்குள் வந்த பிறகுதான் ஆடவிடுவோம் என்றால் ஆடாமல் எப்படி எட்டுக்குள் வருவது? இந்த ஒரு முடிவை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு எரிகிறது.

2023இல் ஹாங்சௌ போட்டிக்கும் முதலில் மறுத்து, கடைசியில் விதியைத் தளர்த்தி, அவசர அவசரமாக ஓர் அணியைத் திரட்டி அனுப்பினார்கள். போய் இறங்கிய மறுநாளே சீனாவோடு ஆடி 1-5 என்று தோற்றார்கள். வங்கதேசத்தை 1-0 என்று வென்றார்கள். மூன்றாவது ஆட்டம் மியான்மரோடு. 1951, 1962, 1966, 1970 என்று தங்களுக்குள் நான்கு தங்கங்களை வைத்திருக்கும் இரண்டு நாடுகள், பிரிவில் சீனாவுக்கு அடுத்த இடம் யாருக்கு என்று ஆடின. 1-1 என்று முடிந்தது. இரு அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போயின, அங்கேயே தோற்றன, திரும்பின. அந்த ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் பாருங்கள். நான் முழுவதும் பார்த்தேன்.