இரண்டே பருவங்கள் ஆடிய டான்பரி அணி

கேள்வி: அமெரிக்காவில் பதினேழு வயது இளைஞர் நிர்வகித்த ஐஸ் ஹாக்கி அணி இரண்டே ஆண்டுகளில் மறைந்தது ஏன்?

பதில்: கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி நகரில் குப்பை அகற்றும் தொழில் நடத்திய ஜேம்ஸ் கலான்டே, 2004-இல் தொடங்கித் தம் மகன் ஏ.ஜே.யைப் பொது மேலாளராக்கிய ‘டான்பரி டிராஷர்ஸ்’ அணியைக் குறிப்பிடுகிறீர்கள். யுனைடெட் ஹாக்கி லீக்கில் முரட்டு ஆட்டத்துக்குப் பேர்போன அவ்வணி, 2006-இல் இறுதிச்சுற்றுவரை முன்னேறிக் கலமசூ விங்ஸ் அணியிடம் தோற்றது. அதே ஆண்டில் கலான்டே கைதானதும் அணி மறைந்தது. அரங்கில் ஆரவாரம் செய்த உள்ளூர் ரசிகர்களின் இழப்பே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அணிகள் வீரர்களுக்குக் கொடுக்கலாம் என லீக் விதித்த சம்பள உச்சவரம்பை மீறுவதற்காக, வீரர்கள் கலான்டேயின் நிறுவனங்களில் பணிபுரிவதாகக் கணக்குக் காட்டி அவர் பணம் கொடுத்தார் என்பதும் அவர்மீதான வழக்கில் அடங்கியிருந்தது. 2008-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைத்தண்டனை பெற்றார்.