நாலாம் வகுப்புப் பிள்ளைக்குப் பத்தியில் பிரச்சினை எது, தீர்வு எது என்று கண்டுபிடிக்க எப்படிச் சொல்லித் தருவது?

சரளமாக வாசிக்கிற பிள்ளை, "இதில் என்ன பிரச்சினை?" என்று கேட்டால் மட்டும் முதல் வரியைப் பார்த்து எழுதி வைக்கிறது என்கிறீர்கள். வாசிப்பில் கோளாறு இல்லை, கேள்விதான் அந்த வயசுக்குப் பெரிசு. மூன்றாக உடைத்துக் கேளுங்கள். யாருக்கு? அவருக்கு என்ன ஆகவேண்டும்? எது தடுக்கிறது?

பத்தி ஆறேழு வாக்கியத்தைத் தாண்டவேண்டாம். ஊர்ச் சங்கதியாக நீங்களே எழுதலாம்:

"இலவம்பாடித் தாத்தா முள்ளுக் கத்திரிக்காய் பறித்து வேலூர் மார்க்கெட்டுக்கு அனுப்புவார். அந்த மாதம் வெயில் கொளுத்தியது. உச்சி வெயிலில் பறித்த காய் மார்க்கெட் போவதற்குள் வாடிப்போனது. ஈரச் சாக்கைப் போட்டு மூடிப் பார்த்தார், காய் அழுகியது. பிறகு விடியற்காலையிலேயே பறித்து முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். காய் நல்ல விலைக்குப் போனது."

பிரச்சினை என்ன என்றால் பாதிப் பிள்ளைகள் "வெயில்" என்பார்கள். அது காரணம். வெயில் அடித்தும் காய் வாடாமல் இருந்தால் தாத்தாவுக்குக் கவலையே இல்லையே! மார்க்கெட் போவதற்குள் காய் வாடுவதுதான் பிரச்சினை. தீர்வுக்கு "ஈரச் சாக்கு" என்று வரும். அது பலிக்காத முயற்சி. "நல்ல விலை" என்றும் வரும், அது விளைவு. இந்த மூன்று வழுக்கலும் வரட்டும் என்றுதான் பத்தியை இப்படி அமைத்திருக்கிறேன். விடை சொன்னதும் "இதைச் செய்தபிறகு காய் கெடாமல் மார்க்கெட் போனதா?" என்று திருப்பிக் கேளுங்கள். ஈரச் சாக்கு அங்கேயே கழன்றுவிடும்.

பிரச்சினைக்குச் சிவப்பு, தீர்வுக்குப் பச்சை என்று பென்சிலால் கோடு போடச் சொல்லலாம். "ஆனால்", "முடியவில்லை", "அதனால்" வந்தால் கோடு போடு என்று சில கைடுகளில் இருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மேலே உள்ள பத்தியில் அந்த வார்த்தை ஒன்றுகூட இல்லை, பாருங்கள். முதலில் வாயால் சொல்லட்டும், எழுதுவது பிறகு.

கதை பழகியதும் செய்திப் பத்திக்குப் போங்கள். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வற்றியபோது, ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் போனது. 50 வேகன், நடைக்குச் சுமார் 25 லட்சம் லிட்டர். நம்ம வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் தெரிந்த ஊர்ப் பெயரைப் பார்த்ததும் "ஜோலார்பேட்டையில் தண்ணீர் இல்லை" என்று எழுதிவிடுவார்கள். "யாருக்கு?" என்ற முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்ததால் வருவது இது. ரயில் அவசரத்துக்கான தீர்வா, நிரந்தரத் தீர்வா என்பதை ஆறாம் வகுப்புக்கு விட்டுவிடலாம்.

நாலு பத்திக்கு ஒன்று தீர்வே இல்லாததாக இருக்கட்டும். பாலாறு வறண்டு கிடக்கிறது, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது என்பதோடு நிறுத்துங்கள். "மரம் நட வேண்டும்" என்று பதில் பறந்து வரும். எதற்கெடுத்தாலும் மரம் நடப் பழக்கியிருக்கிறோமே. அப்போது "எந்த வரியில் இருக்கிறது? விரல் வைத்துக் காட்டு" என்று சொன்னால் போதும். "பத்தியில் தீர்வு சொல்லவில்லை" என்பதும் முழு மார்க்குக்கு உரிய விடைதான். "நீயாக இருந்தால் என்ன செய்வாய்?" என்பதைத் தனிக் கேள்வியாக வேறு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.