ஓடியாடும் பிள்ளை, ஒதுக்கித் தள்ளும் டப்பா: பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

சிங்கப்பூரில் மாணவர் பராமரிப்பு நிலையம் ஒன்றில் பிள்ளைகளின் மாலைச் சிற்றுண்டியைத் திட்டமிடுவது என் வேலை. ஊட்டச்சத்துப் படிப்பும் அதையொட்டிப் படித்ததுதான். கையில் கொடுத்தனுப்பும் சிற்றுண்டி பற்றி நீங்கள் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கவிதா, செங்காங்: அக்கா, மகன் தொடக்கநிலை இரண்டு. வாரம் மூன்று நாள் காற்பந்து. வெள்ளையாகவும் மொறுமொறுவென்றும் இருந்தால்தான் தொடுவான். பிஸ்கட், அப்பளம், தோசை ஓரம், அவ்வளவுதான். காய் கண்ணில் பட்டால் டப்பா அப்படியே திரும்பி வரும்.

கவிதா, மொறுமொறுப்பு வேண்டும் என்று உங்கள் மகன் தெளிவாகச் சொல்லிவிட்டான். அங்கிருந்தே தொடங்குங்கள். தோசை ஓரம் பிடித்தவனுக்குக் குழிப்பணியாரம் பிடிக்க நல்ல வாய்ப்பு உண்டு. முதல் வாரம் வெறும் இட்லி மாவில், வெளிப்பக்கம் நன்றாகச் சிவக்கும்படி சுட்டுக் கொடுங்கள். அவன் பழகியதும் மாவில் ஊறவைத்து அரைத்த பாசிப்பருப்பைச் சேருங்கள். நிறம் பெரிதாக மாறாது, புரதம் கூடும். அப்புறம் துருவிய கேரட், அவன் பார்க்கவே போடுங்கள். தயவுசெய்து ஒளித்து வைக்காதீர்கள். ஒருநாள் கண்டுபிடித்தான் என்றால் பணியாரத்தையும் நம்ப மாட்டான், உங்களையும் நம்ப மாட்டான்.

இன்னொன்று, சுட்ட பணியாரத்தைச் சூட்டோடு டப்பாவில் அடைக்காதீர்கள். ஆவி மூடியில் நீராகிச் சொட்டி, இடைவேளைக்குள் எல்லாம் நொதநொதவென்று ஆகிவிடும். மொறுமொறுப்புக்காகவே சாப்பிடுகிற பிள்ளை அதைத் தொடவே மாட்டான். தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, டப்பாவின் அடியில் ஒரு டிஷ்யூ மடித்துப் போட்டு அடுக்குங்கள்.

கொண்டைக்கடலையும் அவனுக்கு ஏற்றது. ஊறவைத்து வேகவைத்து, துணியில் ஒற்றி ஈரம் போக்கி, கொஞ்சம் எண்ணெய் பிசறி ஏர் ஃபிரையரில் 180 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் வறுத்தால் கடுக் முடுக் என்று இருக்கும். ஒரு காலத்தில் சினிமா கொட்டகை வாசலில் நம்மவர்கள் காகிதச் சுருளில் மடித்து விற்ற கச்சாங் பூத்தேயின் ருசி அதில் இருக்கும். உப்பை மட்டும் பாதியாகக் குறையுங்கள்.

புதிய காயை டப்பாவின் ஓரத்தில் ஒரே ஒரு துண்டு தனியாக வையுங்கள். சாப்பிடாமல் திரும்பி வந்தால் ஒன்றும் கேட்காதீர்கள். புதிய உணவைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து முறைகூடப் பார்க்க வேண்டியிருக்கும். நம்மில் பலர் மூன்றாம் முறையிலேயே விட்டுவிடுகிறோம், எனக்கு வருத்தமே அதில்தான்.

ரவி, ஜூரோங் வெஸ்ட்: நீச்சல் வகுப்பு முடிந்ததும் மகளுக்கு அகோரப் பசி. ரயிலில் வீட்டுக்கு முக்கால் மணி நேரம். எம்ஆர்டியில் எதுவும் கொடுக்க முடியவில்லை, அழுகிறாள்.

ரயிலில் சாப்பிட்டால் 500 வெள்ளி வரை அபராதம், பேருந்திலும் சாப்பிடக் கூடாது. ஆகவே ரயில் ஏறும் முன்பே பசி அடங்க வேண்டும். சிற்றுண்டியை இரண்டாகப் பிரியுங்கள். வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு பிசாங் மாஸ் என்னும் சிறிய வாழைப்பழமோ ரொட்டித் துண்டோ போதும். நீந்தி முடித்து உடை மாற்றியதும், குளத்துக்கு வெளியே பெஞ்சில் பத்து நிமிடம் உட்காரவைத்து மீதியைக் கொடுங்கள். அதில் மாவுச்சத்தோடு புரதமும் இருக்கட்டும். அவித்த முட்டையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் தரலாம், சீஸ் வைத்த சப்பாத்திச் சுருளும் நல்லது. வெறும் பிஸ்கட் கொடுத்தால் பாதி வழியில் மறுபடி பசிக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்காக ஒரு ரயிலை விட்டாலும் பரவாயில்லை.

ஈசூனிலிருந்து ஒரு பாட்டி: பேரன் ஒல்லியாக இருக்கிறான். தினமும் எள்ளுருண்டையோ நெய் விட்ட பாசிப்பருப்பு உருண்டையோ பிடித்துக் கொடுக்கலாமா? டின்னில் வரும் சத்து மாவும் கலக்கலாமா?

அம்மா, நீங்கள் பிடிக்கும் எள்ளுருண்டையும் பாசிப்பருப்பு உருண்டையும் அருமையான சிற்றுண்டி, எலுமிச்சம்பழ அளவில் ஒன்று தாராளமாகக் கொடுங்கள். வெல்லத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். டின் மாவு வாங்கும் முன் பொட்டலத்தின் பின்பக்கம் பாருங்கள், சர்க்கரை முதல் இரண்டு மூன்று பொருள்களுக்குள் இருந்தால் வேண்டாம். ஒல்லி என்பதை மட்டும் வைத்துக் கவலைப்படாதீர்கள். பிறந்தபோது கொடுத்த சுகாதாரக் கையேட்டில் வளர்ச்சி வரைபடம் இருக்கும். அதில் பேரன் தன் கோட்டை ஒட்டியே வளர்ந்து வந்தால் நல்லதுதான். எடை கோடு தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டே போனால் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் காட்டுங்கள். அதை உருண்டையால் சரிசெய்ய முயல வேண்டாம்.

மாலா, பொங்கோல்: பாக்கெட் பானத்தில் நியூட்ரி-கிரேட் பி என்று போட்டிருந்தால் தினமும் கொடுக்கலாம்தானே?

தினமும் வேண்டாம். நியூட்ரி-கிரேட் என்பது பானங்களுக்குச் சர்க்கரை, கொழுப்பு அளவைப் பார்த்து ஏ முதல் டி வரை தரும் தரக்குறி. பி என்றால் 100 மில்லிக்கு 5 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். 250 மில்லி பாக்கெட்டில் அது 12.5 கிராம், அதாவது இரண்டரைத் தேக்கரண்டி. சி என்றால் இதுவே 25 கிராம் வரை போகும். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் விளையாட்டுக்கு ஐசோடானிக் என்னும் உப்பும் சர்க்கரையும் கலந்த பானமும் தேவையில்லை, தண்ணீர் போதும். வெறும் தண்ணீர் பிடிக்காதென்றால் குளிர்ந்த நீரில் எலுமிச்சைத் துண்டோ புதினாவோ போட்டுக் கொடுத்துப் பாருங்கள்.

அனிஸ், தெம்பினிஸ்: காலை ஆறரைக்குக் கட்டும் சிக்கன் சாண்ட்விச் பகல் வரை தாங்குமா?

நம் ஊர் வெயிலில் தாங்காது. 5 முதல் 60 டிகிரி வரையிலான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த இறைச்சி, முட்டை, பால் பொருள்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. குளிர்பையில் ஐஸ் பேக் வையுங்கள். இல்லையென்றால் முதல் நாளே உறையவைத்த தயிர்ப் பாக்கெட்டை சாண்ட்விச்சோடு ஒட்டினாற்போல் வையுங்கள். இரண்டாம் இடைவேளைக்கு உலர்ந்த பண்டமே நல்லது. பொரி, வறுத்த கடலை, முழுதானிய பிஸ்கட், முழுப் பழம் எல்லாம் சரி.

பிரியா, உட்லண்ட்ஸ்: மகளுக்கு நான்கு வயது. பாலர் பள்ளியில் நிலக்கடலை, முந்திரி போன்ற கொட்டை வகை கொண்டுவரக் கூடாதென்கிறார்கள். வேறென்ன?

அந்த விதியை மதியுங்கள். இன்னொரு பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்டது. எள்ளுக்கும் ஒவ்வாமை வரும், அதையும் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வயதில் முழுக் கொட்டைகளும் சோளப்பொரியும் தொண்டையில் சிக்கும். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். மினி இட்லி, ராகி பேன்கேக், மென்மையாக வெந்த கேரட் குச்சி, வாழைப்பழம் போதும்.

சுமதி, புக்கிட் பாத்தோக்: வேலைக்குப் போகிறவள். சமைக்க நேரமே இல்லை.

பேரங்காடியில் உறைந்த எடமாமே கிடைக்கும், ஐந்து நிமிடம் வெந்தால் போதும். அவித்த சோளமும் முட்டையும் இரவே தயார் செய்து குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். பொட்டலத்தில் ஹெல்தியர் சாய்ஸ் சின்னத்தைப் பாருங்கள், ஆனால் அது அதே வகைப் பண்டங்களுக்குள் இது மேல் என்றுதான் சொல்கிறது. சின்னம் போட்ட பிஸ்கட்டும் பிஸ்கட்தான்.

ஃபரிதா, கிளமெண்டி: வீட்டில் ஆசையாகச் சாப்பிடுவதையே பள்ளியில் தொடாமல் கொண்டுவருகிறாள். என்ன கோளாறு?

பெரும்பாலும் உணவில் கோளாறு இருக்காது. முதலில் அந்த டப்பாவை அவளே திறக்கிறாளா என்று வீட்டில் பாருங்கள். இறுக்கமான மூடியோடு போராடி, ஆசிரியரிடம் கேட்கக் கூச்சப்பட்டு அப்படியே பைக்குள் வைத்துவிடும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். அடுத்தது நேரம். வகுப்பிலேயே சாப்பிடும் சிற்றுண்டி நேரம் சில நிமிடங்கள்தான். கரண்டி வேண்டிய எதையும் அதற்குக் கொடுக்காதீர்கள், மூன்று வாய்க்கு மேலும் வேண்டாம். மூன்றாவதாக, வாசனையைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னார்களா என்று மெல்லக் கேளுங்கள். சொல்லியிருந்தால் அந்த உணவை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, பள்ளிக்கு எதை எடுத்துப்போவது என்று அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பண்டங்களை முன்னால் வைத்துக் கேட்டால் போதும். அவளே எடுத்து டப்பாவில் அடுக்கட்டும், மூடியையும் அவளே மூடட்டும்.