செடியைப் புகழாமல் பேச முடியாதா?

அன்புள்ள ஐயாவுக்கு,

மதுவிலக்கு ஏன் தோற்கிறது என்று நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அதே வாதம் கஞ்சாவுக்கும் பொருந்தும்தானே? சாராயமும் சிகரெட்டும் ஆளைக் கொல்கின்றன, அவற்றை அரசுகள் வரி போட்டு விற்க விடுகின்றன. யாரையும் கொல்லாத ஒரு மூலிகைக்கு மட்டும் சிறை. உருகுவே, கனடா, ஜெர்மனி எல்லாம் விழித்துக்கொண்டன. போர்ச்சுகல் எல்லாப் போதைப்பொருளையும் சட்டபூர்வமாக்கி ஜெயித்துவிட்டது. சித்தர்கள் அறிந்த செடி, படைப்பூக்கத்தைத் திறப்பது. நீங்கள் இதை ஆதரிக்கிறீர்களா? கஞ்சா வரியை நம்பி அரசு நடப்பது சரியா? இதைப் பற்றி எழுதத் தயங்குகிறீர்களோ என்று தோன்றுகிறது.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

தயக்கமெல்லாம் இல்லை. கொஞ்ச நாளாகவே இது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதம் வந்ததும் சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். சித்தர்களை விட்டுவிடுங்கள், பாவம். படைப்பூக்கமா? புகைத்ததால் நல்ல கவிதை எழுதியவரை நான் பார்த்ததில்லை. புகைத்துவிட்டுத் தன் கவிதை நல்ல கவிதை என்று நம்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது போகட்டும்.

போர்ச்சுகல் எதையும் சட்டபூர்வமாக்கவில்லை. இதை இன்னும் எத்தனை பேருக்குச் சொல்ல வேண்டுமோ தெரியவில்லை. 2001ல் அந்த நாடு செய்தது இதுதான்: தன் உபயோகத்துக்காகப் பத்து நாள் அளவுவரை போதைப்பொருள் வைத்திருப்பவரைக் குற்றவாளியாக நடத்துவதை நிறுத்தியது. அவர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டாம். சட்டம், மருத்துவம், சமூகப் பணி தெரிந்தவர்கள் இருக்கும் ஒரு சிறு குழுவின் முன் வந்து உட்கார்ந்து பேச வேண்டும். விற்பவனுக்கு அன்றும் சிறை, இன்றும் சிறை. கனடா 2018ல் செய்தது வேறு. அங்கே கடை உண்டு. ஜெர்மனி 2024ல் செய்தது இன்னும் வேறு. வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம், சங்கம் வைத்துப் பகிர்ந்துகொள்ளலாம், கடைவிற்பனை கிடையாது. மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டி 'விழித்துக்கொண்டன' என்று எழுதினால் நான் எதற்கு ஆதரவு சொல்வது?

இனி நான் சொல்ல வந்தது. 'யாரையும் கொல்லாத மூலிகை' என்கிறீர்கள். தடையை எதிர்ப்பவர்கள் எல்லோரும் ஏன் இந்தச் செடிக்கு வக்கீலாகிவிடுகிறீர்கள்? அமெரிக்காவில் 1930 முதல் போதைப்பொருள் துறையின் தலைவராக இருந்த ஹாரி அன்ஸ்லிங்கர், ஒரு இழுப்பில் கொலைகாரனாகிவிடுவான் என்கிற மாதிரிக் கதைகளை ஊரெல்லாம் பரப்பினார். 1937ல் கஞ்சாவை முடக்கிப்போட்ட சட்டம் வந்தது. அவர் செடியைப் பேயாக்கினார், நீங்கள் சாமியாக்குகிறீர்கள். இரண்டு பேரும் செடியையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பிடிபட்டவனைப் பார்ப்பவர் யார்?

இளவயதில் என்னோடு ஒரே அறையில் ஒரு நண்பன் இருந்தான். என்னைவிடப் புத்திசாலி. தினமும் புகைப்பான், காலையிலேயே தொடங்குவான். ஒரு கட்டத்தில் பத்திரிகையில் வரும் செய்திகள் தனக்காகவே எழுதப்படுவதாகச் சொல்ல ஆரம்பித்தான். முதலில் வேடிக்கை என்று நினைத்தோம். பிறகு ஜன்னலைத் திறக்க விடமாட்டான், யார் சமைத்ததையும் சாப்பிட மாட்டான். அவன் அண்ணனை வரவழைத்தோம். நல்ல மனிதர், தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவர். டாக்டரிடம் போகலாம் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "டாக்டர் கேட்டா என்ன சொல்றது? போலீசுக்குப் போயிட்டா இவன் வாழ்க்கையே போச்சே" என்றார். கேஸ், வேலை, தங்கை கல்யாணம் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. ஊருக்குக் கூட்டிப்போய் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். மாதங்கள் போயின. அவனை மனநல மருத்துவர் பார்த்தபோது நோய் நன்றாக வேர்விட்டிருந்தது.

மனச்சிதைவு மாதிரியான நோயில் சிகிச்சை தொடங்கத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் மீட்சியைக் கடினமாக்குகிறது என்பதை அப்புறம்தான் படித்தேன். கஞ்சா எல்லோருக்கும் இதைச் செய்யாது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் சிறுவயதில் தொடங்கி, வீரியமான சரக்கைத் தினமும் புகைப்பவருக்கு, அதிலும் குடும்பத்தில் அந்த நோய் இருந்தால், ஆபத்து கூடுகிறது. இதை நண்பனின் அண்ணனுக்கு முன்னால் நின்றுகொண்டு 'மூலிகை' என்று சொல்லிப் பாருங்கள்.

கஞ்சா அவனுக்குக் கெடுதல் செய்தது. கஞ்சாவைக் குற்றமாக்கிய சட்டம் அவனை டாக்டரிடமிருந்து ஒளித்துவைத்தது. தடைக்கு எதிராக எனக்கு இந்த இரண்டாவது வாக்கியம் போதும், முதல் வாக்கியத்தை நான் மறுக்க வேண்டியதே இல்லை. பொருள் எவ்வளவு ஆபத்தானதோ அவ்வளவுக்கு அதைப் பயன்படுத்துபவன் பயமில்லாமல் மருத்துவமனைக்குள் நுழைய முடிய வேண்டும். ஹெராயினுக்கு இந்த வாதம் கஞ்சாவைவிட நன்றாகவே பொருந்தும். ஆனால் உங்கள் 'தீங்கில்லாத மூலிகை' வாதம் ஹெராயின் பக்கம் வந்தவுடன் செத்துவிடும். அப்போது அவர்களை மட்டும் சிறைக்கு அனுப்பிவிடலாமா?

ஒன்று சொல்கிறேன். 1893ல் ஆங்கிலேய அரசு இந்தியாவில் ஒரு கஞ்சா ஆணையம் அமைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது, மறுவருடம் அறிக்கை தந்தது. மனநோய் விடுதிகளின் பதிவேடுகளில் 'காரணம்: கஞ்சா' என்று எழுதியிருந்ததை அப்படியே நம்பாமல், 1892ல் சேர்க்கப்பட்டவர்களின் விவரங்களைத் தனித்தனியாகத் தோண்டிப் பார்த்தது. பல இடங்களில், நோயாளியைக் கொண்டுவந்த போலீஸ் சொன்ன காரணத்தையே பதிவேட்டில் ஏற்றியிருந்தார்கள். ஆனால் அளவுமீறினால் மனநோய் வரலாம் என்பதை ஆணையம் மறுக்கவும் இல்லை. தடை வேண்டாம், உரிமமும் வரியும் வைத்துக் கட்டுப்படுத்துங்கள் என்றது. தீங்கை ஒப்புக்கொண்டே தடையை மறுக்கலாம் என்பதற்கு இத்தனை பழைய முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்காவிலும் அதிபர் நிக்சன் பெரும்பாலான உறுப்பினர்களை நியமித்த ஆணையமே 1972ல், தன் உபயோகத்துக்குக் கஞ்சா வைத்திருப்பவரைத் தண்டிக்க வேண்டாம் என்றது. நிக்சன் அதைத் தூக்கி ஓரமாகப் போட்டார். அதற்குப் பிறகு அங்கே கைதானவர்கள் யார்? கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் புகைக்கிறார்கள். கஞ்சா வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு மூன்றரை மடங்குக்கும் மேல் என்று அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் (ACLU) 2020ல் கணக்கிட்டது.

தடையை எடுத்துவிட்டால் போதும், எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2021ல், தன் உபயோகத்துக்குச் சிறிதளவு போதைப்பொருள் வைத்திருப்பவருக்குச் சிறையை எடுத்துவிட்டு 100 டாலர் அபராதச் சீட்டைக் கொடுத்தது. ஒரு எண்ணுக்குப் போன் செய்து உடல்நல ஆலோசனை பெற்றால் அதுவும் தள்ளுபடி. போன் செய்தவர்கள் மிகக் குறைவு. சிகிச்சைக்கு என்று ஒதுக்கிய பணம் மையங்களுக்கு வந்து சேரவே நாளாயிற்று. தெருவில் போதையில் கிடப்பவர்களைப் பார்த்துப் பார்த்து மக்கள் பொறுமையிழந்தார்கள், 2024ல் சட்டமன்றம் அதை மறுபடி குற்றமாக்கிவிட்டது. போர்ச்சுகலில் ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்திருந்தார், ஓரிகனில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. சட்டப் புத்தகத்தில் ஒரு வாசகத்தை அடித்துவிடுவது எளிது. டாக்டரை உட்காரவைக்கச் செலவாகும், அதைச் சொல்லி ஓட்டுக் கேட்க எந்தக் கட்சிக்கும் துணிவில்லை.

ஆதரிக்கிறேனா என்று கேட்டீர்கள். புகைப்பவனைச் சிறையில் போடக் கூடாது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விற்பனை விஷயத்தில் உருகுவே பக்கம் சாய்கிறேன். அங்கே 2017 முதல், பதிவு செய்துகொண்டவர்களுக்கு மருந்துக்கடையில் அளவோடு கிடைக்கிறது, விளம்பரம் கிடையாது. சிகரெட் கம்பெனிகள் சென்ற நூற்றாண்டில் செய்ததைப் பார்த்த பிறகும் இன்னொரு போதைப்பொருளுக்கு விளம்பரப் பலகை வைக்கச் சொல்பவருக்கு என்ன சொல்வது? வரியைப் பற்றி: கஞ்சா விற்பனையை அனுமதித்த அமெரிக்க மாநிலமான கொலராடோவில் கஞ்சா வரியிலிருந்து ஆண்டுக்கு முதல் 4 கோடி டாலர் பள்ளிக்கூடம் கட்டப் போகும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். பள்ளி வந்தது நல்லதுதான். ஆனால் விற்பனை குறைந்தால் கல்வித்துறைக்கு வருத்தம் வரும் ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை.

கடிதத்தின் கடைசியில் உங்கள் தம்பியைப் பற்றி எழுதியிருந்த பத்தியை இங்கே வெளியிடவில்லை. அதுதான் நீங்கள் எழுத வந்த கடிதம் என்று நினைக்கிறேன். அவனைத் திட்டாதீர்கள், என்னை மாதிரி கட்டுரையும் வாசித்துக் காட்டாதீர்கள். இந்த வாரமே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். என்ன புகைத்தான், எவ்வளவு, எத்தனை நாளாக என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குத் தனி மடல் போட்டிருக்கிறேன், பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.