பாட்டு கேட்ட சோலோ எது?

போன இதழில் ஒரு வாசகர், ராக் இசையிலேயே மிகச் சிறந்த கிட்டார் சோலோ, அதாவது பாட்டில் கிட்டார் தனித்து வாசிக்கிற பகுதி, எது என்று கேட்டிருந்தார். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'கம்ஃபர்டப்ளி நம்' பாட்டில் டேவிட் கில்மோர் வாசிக்கும் இரண்டாவது சோலோ என்று ஒரே வரியில் பதில் சொன்னேன். அந்த ஒரு வரிக்குக் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. இங்கே பத்தாங் பெர்சுந்தையில் நான் கிட்டார் சொல்லிக் கொடுக்கிற கடைமாடியிலும், கீழே கோப்பிக்கடையிலும் இதே பேச்சுதான். கல்யாணக் கச்சேரிகளில் பல வருஷம் லீட் கிட்டார் வாசித்தவன் என்பதால் எனக்கும் இதைப் பேசிப் பேசி அலுக்கவில்லை. அதனால் இந்த மாதம் முழுக்க சோலோதான்.

அண்ணே, 'ஸ்டேர்வே டு ஹெவன்' இருக்கும்போது வேறொன்றை முதலிடத்தில் வைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? ஜிம்மி பேஜை மிஞ்ச ஆள் உண்டா? உங்கள் கில்மோர் அதை ஒரே மூச்சில் வாசிக்காமல் துண்டு துண்டாக ஒட்டியவர்தானே?
– ஒரு வாசகர், தாப்பா

தம்பி, அந்த சோலோவை நான் ஒரு நாளும் குறைத்துப் பேசியதில்லை. 1971-ல் பேஜின் லெட் செப்பலின் குழு போட்ட நாலாவது ஆல்பத்தில் வந்த 8 நிமிஷப் பாட்டு. ஒற்றை அகூஸ்டிக் கிட்டாரும் குழலுமாகத் தொடங்குகிறது. டிரம்ஸ் உள்ளே வரவே 4 நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. சோலோ வருவது கிட்டத்தட்ட 6-வது நிமிஷத்தில். அதற்குள் பாட்டு நம்மைப் படிப்படியாக ஏற்றிக் கொண்டுபோய் நிறுத்திவிடும்; சோலோ எப்போது வரும் என்று காது ஏங்க ஆரம்பித்துவிடும்.

வந்ததும் என்ன செய்கிறார் பேஜ்? அடியில் மூன்றே கார்ட் (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு): ஏ மைனர், ஜி, எஃப். மேலே அவர் வாசிப்பது பெரும்பாலும் ஏ மைனர் பென்டடானிக். ஐந்தே ஸ்வரம், நம் கணக்கில் சுத்த தன்யாசி. அந்த ஐந்தில் எஃப் கிடையாது. ஆனால் கார்ட் எஃபுக்கு மாறுகிற இடத்தில் அவர் விரல் சரியாக அந்த எஃபில் போய் நிற்கும். கிட்டார் கையில் இருந்தால் அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் விட்டுவிட்டு வாசித்துப் பாருங்கள். எல்லா ஸ்வரமும் சரியாகத்தான் இருக்கும், ஆனால் உயிர் போயிருக்கும். இன்னொரு கிட்டார்காரரான ஜெஃப் பெக் கொடுத்த டெலிகாஸ்டர் கிட்டாரில் யோசித்து வைக்காமல் மூன்று முறை வாசித்து, அதில் ஒன்றை எடுத்துக்கொண்டார் பேஜ். மகா கலைஞன், சந்தேகமே இல்லை.

அப்புறம் ஏன் டேவிட் கில்மோர்? நான் ஒரு சோலோவை நிறுத்துப் பார்க்கிற முறை ஒன்றுதான். அதைப் பாட்டிலிருந்து வெட்டி எடுத்துவிட்டு, மிச்சம் இருப்பதைக் கேட்பேன். 'ஸ்டேர்வே'யில் சோலோவை எடுத்தால் பாட்டின் சிகரம் போய்விடும், ஆனால் பாட்டு சொல்ல வந்தது குறையாது. 'கம்ஃபர்டப்ளி நம்' அப்படி இல்லை. அதில் பாடுகிறவன் சின்ன வயசில் காய்ச்சலில் கிடந்தபோது வந்த ஓர் உணர்வைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறான். என்னால் விளக்க முடியாது, உனக்குப் புரியாது என்று சொல்கிறான். அங்கே முதல் சோலோ, டி மேஜரில், நெற்றியைத் தடவிக் கொடுப்பதுபோல. இரண்டாவது முறை வரும்போது சின்ன வயசில் ஓரக்கண்ணில் கண்ட ஒன்று மறைந்தே விட்டது என்கிறான், குழந்தை வளர்ந்துவிட்டது என்கிறான். அதோடு வார்த்தை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் இருப்பது இரண்டாவது சோலோ மட்டும்தான், இப்போது பி மைனரில். அவனால் வாயால் சொல்ல முடியாமல் போனதை கிட்டார் சொல்கிறது. அதை வெட்டிவிட்டால் பாட்டு பாதி வாக்கியத்தில் நின்றுவிடும்.

கில்மோர் அதை ஒரே மூச்சில் வாசிக்கவில்லை, துண்டு துண்டாக ஒட்டினார் என்று நீங்கள் கடைசியில் ஒரு குத்தலும் வைத்திருக்கிறீர்கள். உண்மைதான். 1979-ல் 'தி வால்' ஆல்பத்துக்காக ஐந்தாறு தடவை வாசித்துப் பதிவு செய்தார். பிறகு உட்கார்ந்து எந்த இடம் எதில் நன்றாக இருக்கிறது என்று குறித்து, நல்ல இடங்களை மட்டும் சேர்த்து ஒரு சோலோவாக்கினார். இதில் என்ன குற்றம்? ஒவ்வொரு வரியையும் வாசித்தது அவர் கைதான், எது தேவையில்லை என்று முடிவு செய்தது அவர் காதுதான். தான் வாசித்ததில் பெரும்பகுதியைத் தூக்கிப்போட மனசு வேண்டும். அந்த மனசு எனக்குத் தெரிந்த வேகமான கிட்டார்காரர்கள் பலருக்கு இல்லை.

எங்கள் ஊரில் எந்த விருந்தாக இருந்தாலும் கடைசியில் ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிபோர்னியா' கேட்காமல் ஒருத்தரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். மக்கள் தீர்ப்புக்கு மதிப்பு இல்லையா?
– ஒரு வாசகர், தெலுக் இந்தான்

மக்கள் தீர்ப்புக்கு நிச்சயம் மதிப்பு உண்டு. செம்பனைத் தோட்டத்தில் நாளெல்லாம் குலை வெட்டிவிட்டு வந்த மனுஷன், ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தெரியாமலேயே அந்தக் கடைசி இரண்டு நிமிஷத்தை வாயாலேயே பாடுவதைப் பல மண்டபங்களில் பார்த்திருக்கிறேன். பாட வருகிற சோலோ பொய் சொல்லாது.

ஆனால் அது ஒருவர் வாசித்தது அல்ல. அந்தக் குழுவின் டான் ஃபெல்டர், ஜோ வால்ஷ் இரண்டு பேர். கோயில் திருவிழாவில் இரண்டு தவில்காரர்கள் மாறி மாறி வாசித்து, கணக்கு நெருங்க நெருங்க இடைவெளி குறைந்து, முடிவில் ஒன்றாக வந்து விழுவார்களே, அதே ஏற்பாடு. முதலில் ஆளுக்கு ஒரு பகுதி, அப்புறம் சின்னச் சின்னப் பதில்கள், கடைசியில் இரண்டு கிட்டாரும் கைகோத்து இறங்கும்.

இதன் பின்னால் ஒரு கதை உண்டு. பாட்டின் மெட்டை ஃபெல்டர் வீட்டில் டேப்பில் பதிந்து கொடுத்திருந்தார். 1976-ல் மயாமி ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு நடந்தபோது அவரும் வால்ஷும் புதிதாக எதையோ வாசிக்கத் தொடங்க, டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடுகிற டான் ஹென்லி ஒத்துக்கொள்ளவில்லை. அந்த டேப்பில் இருப்பது அப்படியே வேண்டும் என்று பிடிவாதம். டேப்போ லாஸ் ஏஞ்சலஸில், வீட்டில். வீட்டு வேலைக்கு இருந்த அம்மாவுக்கு ஃபோன் போட்டு, அந்த டேப்பைத் தேடி எடுத்துப் போடச் சொல்லி, ஃபோன் வழியாகவே கேட்டுத் தன் வாசிப்பைத் தானே திரும்பப் படித்துக்கொண்டார் ஃபெல்டர்.

இசைக்குழு நடத்துகிற தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். நேரமாகிவிட்டது என்று அறிவிப்பாளர் கை காட்டினாலும் அந்த முடிவை வெட்டாதீர்கள். வேண்டுமானால் அதற்கு முன்னால் ஒரு பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வேகம்தான் திறமை. எடி வான் ஹேலனின் 'எரப்ஷன்' கிட்டே மற்றவர்கள் வர முடியுமா?
– ஒரு மாணவர், கூலிம்

வேகத்தில் வர முடியாது. 1978-ல் வந்த அந்த 1 நிமிஷம் 42 விநாடி, கிட்டார் பிடிக்கிற விதத்தையே மாற்றியது. வலது கை விரலாலும் ஃபிரெட்டில் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில்) தட்டி வாசிக்கிற முறையை ஊர் ஊராகப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளக் காரணம் அதுதான். ஆனால் அது தனியாக நிற்கிற ஓர் உருப்படி. அதைச் சுற்றிப் பாட்டு இல்லை. பாட்டுக்குள் அவர் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டுமா? மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்' கேளுங்கள். 1982. சம்பளம் வாங்காமல் வாசித்துக் கொடுத்தார். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று: வாசிப்பதற்கு முன்னால், சோலோவுக்கு அடியில் வருகிற பகுதியையே மாற்றி அமைக்கச் சொன்னார். கை அப்படி ஓடுகிற மனுஷன், முதலில் பாட்டின் அமைப்பைத்தான் யோசித்திருக்கிறார்.

என் மகனுக்கு வயது 15. யாரோ விற்ற பழைய எலக்ட்ரிக் கிட்டாரை வைத்துக்கொண்டு சோலோ பழகுகிறான். நல்ல கிட்டார் இருந்தால்தான் வரும் என்று அடம் பிடிக்கிறான். அவன் அப்பாவுக்குத் தோட்டச் சம்பளம். என்ன செய்வது?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

சகோதரி, உங்கள் மகனிடம் பிரையன் மேயைப் பற்றிச் சொல்லுங்கள். குவீன் குழுவின் கிட்டார்காரர். கடையில் கிட்டார் வாங்க வசதியில்லாத வயசில், 1963-ல் தன் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே ஒன்றைச் செய்யத் தொடங்கினார். கழுத்துப் பகுதிக்கு ஒரு பழைய கணப்படுப்பின் மரச்சட்டம், ஸ்பிரிங்குக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். கம்பியை மீட்டுகிற பிக் கூட பிளாஸ்டிக் கிடையாது, 6 பென்ஸ் காசுதான். 'பொஹிமியன் ராப்சடி' சோலோ அந்தக் கிட்டாரில் வாசித்தது. உலகப் புகழ் வந்த பிறகும் அவர் அதை விடவில்லை.

அதோடு, உங்கள் மகன் சொல்வதில் கொஞ்சம் நியாயமும் இருக்கலாம். கம்பி ஃபிரெட்டிலிருந்து மிக உயரமாக இருந்தால் விரல் வெந்துபோகும், சுருதியும் ஓடும். புதுக் கிட்டார் வாங்க வேண்டாம்; இசைக்கருவி கடையில் பழுது பார்க்கிறவரிடம் கொடுத்து உயரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். கம்பி செட்டை மெல்லியதாக, 9-ஆம் நம்பரில் மாற்றச் சொல்லுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் கை வியர்வைக்கும் கம்பி சீக்கிரம் துரு ஏறும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியாக, அடிப்பக்கமும் சேர்த்து, உலர்ந்த துணியால் துடைக்கிற பழக்கம் வரட்டும்.

இப்போது தம்பிக்கு ஒரு பாடம். சோலோவின் பாதி உயிர் கம்பியை வளைப்பதில் இருக்கிறது. மூன்றாம் கம்பியில் 9-வது ஃபிரெட்டை முதலில் சாதாரணமாக அழுத்தி மீட்டு. அது 'இ' என்கிற ஸ்வரம். அந்தச் சத்தத்தை வாயால் பாடு. பிறகு அதே கம்பியில் 7-வது ஃபிரெட்டுக்கு வா. மோதிர விரலை வைத்து, நடு விரலையும் ஆள்காட்டி விரலையும் அதற்குப் பின்னால் முட்டுக் கொடு. கட்டைவிரல் கழுத்துக்கு மேலே கொக்கி போட்டிருக்கட்டும். மீட்டிவிட்டு, விரலை மடக்காமல் மணிக்கட்டைத் திருப்பிக் கம்பியை மேலே தள்ளு. நீ பாடிய அந்த இ வந்ததும் நிறுத்து. வருவதற்கு முன்னால் நின்றாலும் தப்பு, தாண்டினாலும் தப்பு. நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காது உனக்கு. எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். இந்த ஒன்று பிடிபட்டால் கில்மோர் என்ன செய்கிறார் என்பது புரிய ஆரம்பிக்கும்.

நீங்களும் உங்களோடு சண்டை போடுகிறவர்களும் சொல்கிற பெயர் எல்லாமே ஆண்கள். பெண்கள் யாருமே வாசிக்கவில்லையா?
– ஒரு மாணவி, லூனாஸ்

வாசித்தார்கள் தங்கச்சி, இவர்கள் எல்லாருக்கும் முன்னாலேயே. சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்று தேடிப் பாருங்கள். அமெரிக்காவில் தேவாலயப் பாடல்களை எலக்ட்ரிக் கிட்டாரோடு பாடியவர். ராக் என்ற பெயர் பரவுவதற்கு முன்பே அந்தச் சத்தம் அவர் கையில் இருந்தது. 1964-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், ரயில் நின்றுபோன ஒரு பழைய ஸ்டேஷனில் தொலைக்காட்சிக்காக வாசித்த காட்சி இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கிறது. மழை பெய்த நாள். தடித்த கோட்டுப் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்து, வெள்ளை கிட்டாரை மாட்டி, மழையைப் பற்றிய பாட்டையே எடுக்கிறார். நடுவில் வருகிற சோலோவில் வாசிக்கிற ஒவ்வொன்றும் பாடுகிற குரலுக்குப் பதில் சொல்கிற மாதிரி இருக்கும். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரைச் சேர்த்தது 2018-ல்தான். ரொம்பத் தாமதம், எனக்கு அதில் கோபமே உண்டு.

கையில் வேகம் பார்க்க வேண்டுமென்றால் ஜெனிஃபர் பேட்டன். மைக்கேல் ஜாக்சனோடு உலகம் சுற்றி, மேலே சொன்ன அந்த 'பீட் இட்' சோலோவை மேடையில் வாசித்தவர்.

நம் நாட்டிலும் நம் மொழியிலும் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லையா?
– ஒரு வாசகர், பீடோர்

ஏன் இல்லை? மலாய் ராக்கில் லெஃப்ட்ஹேண்டட் குழுவின் மான் கிடால் வாசிப்பதைக் கேளுங்கள், இடது கைக்காரர். தமிழில் என்றால் 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் வந்த 'இளைய நிலா'. இளையராஜா இசையில் அந்தக் கிட்டாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். அது ராக் இல்லை, ஆனால் நான் மேலே சொன்ன வெட்டிப் பார்க்கிற முறையை அதில் செய்து பாருங்கள். கிட்டாரை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டில் நிலாவும் இல்லை, ராத்திரியும் இல்லை.

சோலோ பழக ஆசை. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?
– ஒரு வாசகர், ரவாங்

பீட்டில்ஸின் 'சம்திங்', 1969, ஜார்ஜ் ஹாரிசன் வாசித்தது. வேகம் இல்லை, நீளமும் இல்லை. ஒரு வாரம் கிட்டாரைத் தொடாமல் அந்த சோலோவை மட்டும் கேட்டு, மோட்டார் சைக்கிளில் போகும்போதும் குளிக்கும்போதும் வாயால் பாடுங்கள். முழுதாகப் பாட வந்த பிறகு கிட்டாரை எடுத்து, பாடியதைக் கம்பியில் தேடுங்கள். புத்தகத்தில் போட்டிருக்கிற ஃபிரெட் நம்பரை அப்போது பார்க்காதீர்கள். எந்த இடத்தில் விரல் சிக்குகிறது என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் அந்த இடத்தைப் பார்ப்போம்.