மினி எஞ்சினின் எடை: கிலோ எங்கே போதும், கிராம் எங்கே வேண்டும்?

கேள்வி: பழைய மினி காரின் 998 சிசி எஞ்சினை இறக்கிப் பிரித்து, ரீபோர் செய்து (சிலிண்டர் துளைகளைச் சற்றுப் பெரிதாக்கி) மாட்டப் போகிறேன். பிளாக் (சிலிண்டர்கள் உள்ள உடல்), கிராங்க் (பிஸ்டன் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு), ஃப்ளைவீல் (அதன் முனையிலுள்ள கனச் சக்கரம்) எல்லாம் எவ்வளவு எடை என்று தேடினால் ஆளுக்கு ஓர் எண் சொல்கிறார்கள். எதை நம்புவது? கனெக்டிங் ராடுகளையும் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டுகள்) பிஸ்டன்களையும் வீட்டிலேயே எடைபோட்டுச் சமன் செய்ய முடியுமா?

பதில்: எண்கள் மாறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். எதை எதோடு சேர்த்து எடை போட்டார்கள் என்று யாரும் சொல்வதில்லை. "ஹெட் எடை" (பிளாக்கின் மேல்மூடி) என்றால் வால்வு, ஸ்பிரிங், ராக்கர் ஷாஃப்ட் சேர்த்தா, வெறும் வார்ப்பா? "எஞ்சின் எடை" என்றால் கியர்பாக்ஸோடா? மினியில் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அடியிலேயே, அதே ஆயிலில் ஓடுகிறது. இரண்டும் ஒன்றாகத்தான் இறங்கும்.

அப்படிச் சேர்ந்து இறங்கும் மொத்தம் சுமார் 150 கிலோ. ஆயிலை வடிக்காமல் தூக்கினால் ஏறக்குறைய 4.8 லிட்டர், அதாவது 4 கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். சப்ஃபிரேமோடு (எஞ்சினைத் தாங்கும் சட்டம்) இறக்கினால் கணக்கே வேறு. தூக்குவதற்கு இதைவிடத் துல்லியம் தேவையில்லை. 200 கிலோ என்று வைத்துக்கொண்டு சங்கிலியையும் ஹாயிஸ்டையும் (எஞ்சின் தூக்கி) தேர்ந்தெடுங்கள். ஹாயிஸ்டின் கையை நீட்ட நீட்ட அது தாங்கும் எடை வெகுவாகக் குறையும். எனவே கையில் ஒவ்வொரு துளைக்கும் நேரே குறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள், அடியில் பெரிதாக எழுதியிருப்பதை அல்ல.

பிரித்த பிறகு, ஒரு லிட்டரை ஒட்டிய நான்கு சிலிண்டர் வார்ப்பிரும்பு எஞ்சின்களில் பொதுவாகக் காணும் அளவுகள் இவை: வெறும் பிளாக் 30 முதல் 40 கிலோ, ஹெட் 10 முதல் 15, கிராங்க் 9 முதல் 14, ஃப்ளைவீல் 6 முதல் 9. ஒரு ராட் 450 முதல் 700 கிராம், பிஸ்டன் 250 முதல் 400 கிராம். பெட்டி கட்டவும் லாரிக்குச் சொல்லவும் இது போதும். சமன் செய்ய இதில் ஓர் எண்ணும் உதவாது.

ஒரே ரக பிளாக் இரண்டு கிலோ வித்தியாசம் காட்டினால் முதலில் தண்ணீர் ஜாக்கெட்டைப் பாருங்கள். பல ஆண்டு துருச் சேறு அங்கே கட்டியாகிக் கிடக்கும். ரீபோர் காரணமாக இருக்காது. 64.58 மி.மீ விட்டமுள்ள போரை (சிலிண்டர் துளையை) அரை மில்லிமீட்டர் பெரிதாக்கினால் நான்கு சிலிண்டரிலும் சேர்த்து வெளியேறும் இரும்பு 200 கிராமைத் தொடுவதே அரிது. அலுமினிய ஹெட் போட்டால் எடை மூன்றில் ஒன்றாகிவிடும் என்ற கணக்கும் தப்பு. வார்ப்பிரும்பின் அடர்த்தி 7.2, அலுமினியத்தினுடையது 2.7 என்பது உண்மைதான். ஆனால் அலுமினியத்தில் சுவர்களைத் தடிமனாக வார்க்க வேண்டும், வால்வு சீட்டுக்குத் தனி வளையமும் வேண்டும். ஏறக்குறைய பாதி என்று எதிர்பாருங்கள்.

பிளாக்கைக் குளியலறைத் தராசிலேயே எடை போடலாம். ஒரு முனையின் கீழ் தராசு, மறுமுனையின் கீழ் அதே உயரத்தில் மரக்கட்டை. பிளாக் மட்டமாக இருக்க வேண்டும். பிறகு தராசையும் கட்டையையும் இடம் மாற்றுங்கள். தாங்கும் புள்ளிகள் நகரக் கூடாது. இரண்டு அளவையும் கூட்டினால் மொத்த எடை.

ஃப்ளைவீலைக் கழற்றும்போது கவனம். மினியில் அது கிராங்கின் கூம்பு முனையில் இறுகியிருக்கும். புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டால் 'டப்'பென்று ஒரே துள்ளலில் விடும். நடு போல்ட்டை முழுதாக எடுத்துவிடாமல் சில மரை விட்டு வையுங்கள். இல்லாவிட்டால் அத்தனை கிலோவும் காலில்தான். எடையைக் குறைக்க நினைத்தால், எவ்வளவு என்பதைவிட எங்கிருந்து எடுக்கிறோம் என்பதே முக்கியம். மையத்திலிருந்து 11 செ.மீ தள்ளி 1.5 கிலோ கடைந்தெடுத்தால், மொத்த விகிதம் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் சுற்றும் சுற்றுகள்) 12.1 உள்ள முதல் கியரில் காரிலிருந்து சுமார் 46 கிலோ இறக்கியதற்குச் சமம் (சக்கர ஆரம் 24 செ.மீ). 3.44 விகிதமுள்ள டாப் கியரில் அதுவே 4 கிலோகூட இல்லை. அதே 1.5 கிலோவைப் பாதி ஆரத்தில் எடுத்தால் பலன் கால் பங்குதான். ஐட்லிங் தடுமாறும் என்பது இதற்கான விலை. வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் என்றால் கடைசலே வேண்டாம். அதிக வேகத்தில் வெடித்துச் சிதறும் ஆபத்து விளையாட்டல்ல.

இனி ராடுகள். 998-இன் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 76.2 மி.மீ, ஆகவே ராட் மாட்டும் கிராங்க் பின் சுழலும் ஆரம் 38.1 மி.மீ. அங்கே 10 கிராம் அதிகமாக இருந்தால் 6000 ஆர்.பி.எம்மில் 15 கிலோ எடை இழுப்பது போன்ற விசை. 3000-இல் கிட்டத்தட்ட 4 கிலோ. அதனால் நான்கு ராடுகளையும் ஒரு கிராமுக்குள் கொண்டுவருவது வீண்வேலை அல்ல.

மொத்த எடை மட்டும் ஒத்தால் போதாது. ராடின் பெரிய முனை கிராங்கோடு சுழல்கிறது, சின்ன முனை பிஸ்டனோடு ஏறி இறங்குகிறது. இரண்டையும் தனித்தனியே பொருத்த வேண்டும். சின்ன முனையை ஒரு பேரிங்கில் தொங்கவிட்டு, பெரிய முனையைத் தராசில் வைத்து, ராட் மட்டமாக இருக்கும்போது அளவெடுங்கள். பிறகு முனை மாற்றுங்கள். இரண்டும் சேர்ந்து மொத்த எடையைத் தராவிட்டால் உங்கள் அமைப்பில் உரசலோ சாய்வோ இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் உலோகத்தைத் தொடாதீர்கள். பெரிய முனை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வரும். கேப்பை (பெரிய முனையின் கழற்றக்கூடிய பாதி) அதன் சொந்த ராடோடும் போல்ட்டுகளோடும் சேர்த்தே நிறுக்க வேண்டும், கேப்புகளை மாற்றிப் போடவே கூடாது. 848 சிசி மினி எஞ்சின் போல சின்ன முனையில் இறுக்கு போல்ட் உள்ள ரகத்தில் அந்தப் போல்ட்டும் தராசில் ஏற வேண்டும்.

மிக இலேசான ராடுதான் இலக்கு. மற்றவற்றில் கேப்பின் அடிமேட்டிலும் சின்ன முனையின் உச்சியிலும் மட்டும் அரையுங்கள், கோடுகள் ராடின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே விழுந்த கீறலில் விரிசல் தொடங்கும்.

பிஸ்டனை அதன் பின்னோடும் (ராடோடு இணைக்கும் ஊசி) ரிங்குகளோடும் 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுங்கள். எடுப்பதானால் பின் அமரும் மேட்டின் உள்பக்கத்தில்தான். மேல்தட்டில் ஒருபோதும் கூடாது. ஓவர்சைஸ் பிஸ்டன் பழையதைவிடச் சற்றுக் கனமாக இருக்கும். அதனால் ஒன்று மட்டும் கெட்டுப்போனாலும் நான்கையும் ஒரே செட்டாக மாற்றுங்கள். கிராங்கையும் ஃப்ளைவீல், கிளட்ச் கவரோடு சேர்த்துச் சமன் செய்யும் மெஷினில் கொடுங்கள். நேர்வரிசை நான்கு சிலிண்டருக்குப் பாப் வெயிட் (ராட், பிஸ்டன் எடைக்கு ஈடாகக் கிராங்க் பின்னில் தற்காலிகமாக மாட்டும் எடை) தேவையில்லை, கடைக்காரர் அதைக் கேட்டால் வேறு கடை பாருங்கள்.